செல்லுக்குள் சமிக்ஞை எப்படி அணைகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயிர்வேதியியல், உயிரித் தொழில்நுட்பம் படிப்பவர்களும் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். ஒரு சமிக்ஞைப் பாதை எப்படித் தொடங்குகிறது என்பதற்குப் பாடநூலில் பல பக்கங்கள் இருக்கும். எப்படி முடிகிறது என்பது கடைசிப் பத்தியில் வந்து போகும். நோயைப் புரிந்துகொள்ளவும் மருந்தைப் புரிந்துகொள்ளவும் அந்தக் கடைசிப் பத்திதான் அதிகம் தேவைப்படுகிறது. குவானோசின் ட்ரைபாஸ்பேட், குவானோசின் டைபாஸ்பேட் இரண்டையும் கீழே ட்ரைபாஸ்பேட், டைபாஸ்பேட் என்று சுருக்கியிருக்கிறோம்.

1. ஹார்மோன் போயிடுச்சுன்னா உள்ளே எல்லாம் தானா நின்னுடாதா? அதுக்குத் தனி ஏற்பாடு எதுக்கு?

நிற்காது. அட்ரினலினை எடுத்துக்கொள்வோம். இதயத் தசைச் செல்லின் பீட்டா ஏற்பியில் அது அமர்ந்ததும், ஏற்பி ஜிஎஸ் என்ற ஜி புரதத்தைத் தூண்டுகிறது. ஜி புரதம் தன்னிடமிருந்த டைபாஸ்பேட்டை விட்டுவிட்டு ட்ரைபாஸ்பேட்டைப் பிடித்துக்கொண்டு, அடினைலில் சைக்ளேஸ் நொதியை முடுக்குகிறது. அந்த நொதி ஏடிபியிலிருந்து சைக்ளிக் ஏஎம்பியை உண்டாக்குகிறது. சைக்ளிக் ஏஎம்பி புரதக் கைனேஸ் ஏ-யை விடுவிக்க, அது பல புரதங்களின் மேல் பாஸ்பேட் ஏற்றுகிறது.

இந்த நேரத்தில் அட்ரினலின் மட்டும் விலகிவிட்டது என்று வையுங்கள். ட்ரைபாஸ்பேட் பிடித்த ஜி புரதம் அப்படியே இருக்கிறது. உண்டான சைக்ளிக் ஏஎம்பி செல்லுக்குள் மிதக்கிறது. ஏற்றிய பாஸ்பேட் வேதிப்பிணைப்பாகப் புரதத்தில் ஒட்டியிருக்கிறது. நொதியின் உதவி இல்லாமல் அது தானாக உதிர்வது ஒரு மனித ஆயுளுக்குள் நடக்கிற காரியம் இல்லை. ஆகவே ஒவ்வொரு படிக்கும் அதற்கென்று ஓர் அணைப்பு வேண்டும்: ஜி புரதம் ட்ரைபாஸ்பேட்டை வெட்டியாக வேண்டும், பாஸ்போடைஎஸ்டரேஸ் சைக்ளிக் ஏஎம்பியை உடைத்தாக வேண்டும், பாஸ்பட்டேஸ் பாஸ்பேட்டைக் கழற்றியாக வேண்டும். ஏற்பியும் இன்னொரு அட்ரினலினுக்கு உடனே மறுபடி கிளம்பிவிடாதபடி அடக்கப்பட வேண்டும்.

2. வெளியில இருக்கிற மூலக்கூறை யார் அப்புறப்படுத்துறாங்க?

மூன்று வழிகள் பெரும்பாலும் போதும்: அங்கேயே உடைப்பது, செல்லுக்குள் திரும்ப இழுத்துக்கொள்வது, இரத்தத்தோடு போய் கல்லீரலிலோ சிறுநீரகத்திலோ அழிவது. நரம்பும் தசையும் சேருமிடத்தில் அசிட்டைல்கோலினை அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் அந்த இடத்திலேயே உடைக்கிறது. ஒரு நொதி மூலக்கூறு விநாடிக்கு ஆயிரக்கணக்கில் உடைக்கும். அதனால்தான் விரல் மடக்கியதும் அடுத்த நொடியே நீட்ட முடிகிறது. நார்அட்ரினலின், டோபமின், செரோடோனின் மூன்றையும் நரம்பு முனையே பெரும்பாலும் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. மனச்சோர்வுக்குத் தரும் ஃப்ளுவாக்ஸெடின் போன்ற மருந்துகள் செரோடோனினின் அந்த உறிஞ்சலைத்தான் தடுக்கின்றன.

இன்சுலின் மூன்றாவது வகை. இரத்தத்தில் அதன் அரை ஆயுள் ஏறத்தாழ 5 நிமிடம். கணையத்திலிருந்து வெளிவரும் இன்சுலினில் ஏறக்குறைய பாதி, கல்லீரலை முதன்முறை கடக்கும்போதே காலியாகிவிடுகிறது.

3. பூச்சிமருந்து விஷத்துக்கு அட்ரோபின் போடுறாங்களே, அது கெட்டுப்போன நொதியைச் சரி பண்ணுதா?

பண்ணாது. மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட்டுகள் அசிட்டைல்கோலினெஸ்டரேஸின் செயல்மையத்திலுள்ள செரினில் பாஸ்பேட் குழுவை ஒட்டிவிடுகின்றன. கேள்வி 2-இல் சொன்ன முதல் வழி அடைபடுகிறது. அசிட்டைல்கோலின் குவிகிறது: கண்பாவை சுருங்குகிறது, எச்சிலும் வியர்வையும் கொட்டுகின்றன, மூச்சுக்குழாயில் நீர் சேருகிறது, இதயத் துடிப்பு குறைகிறது, தசை துடித்துத் துவண்டு போகிறது.

அசிட்டைல்கோலினுக்கு மஸ்கரினிக், நிகோட்டினிக் என்று இரு வகை ஏற்பிகள் உண்டு. அட்ரோபின் மஸ்கரினிக் ஏற்பியை மறித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். அதனால் நுரையீரல் நீரும் இதயத் துடிப்பும் சீராகும். ஆனால் மூச்சுத் தசைகளில் இருப்பது நிகோட்டினிக் ஏற்பி என்பதால் அந்தத் தளர்ச்சி அட்ரோபினால் தீராது. அதற்காகத்தான் செயற்கை சுவாசம் தேவைப்படுகிறது. நொதியிலிருந்து பாஸ்பேட் குழுவைப் பிடுங்க முயல்வது பிராலிடாக்சிம். அதற்கும் கெடு உண்டு: ஒட்டிய குழு தன் ஒரு பகுதியை இழந்து இறுகிவிட்டால் பிறகு பிடுங்க முடியாது. மோனோகுரோட்டோபாஸ் சேர்ந்த டைமெத்தில் வகையில் இது சில மணி நேரத்தில் நடந்துவிடும். குளோர்பைரிபாஸ் சேர்ந்த டைஎத்தில் வகையில் ஒன்றிரண்டு நாள் பிடிக்கும். நோயாளிகளில் பிராலிடாக்சிமின் பலன் ஆய்வுக்கு ஆய்வு வேறுபட்டிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

4. ஜி புரதம் ட்ரைபாஸ்பேட்டைத் தானே உடைச்சுக்கும்னு படிச்சோம். அப்புறம் ஜிஏபி, ஆர்ஜிஎஸ் எல்லாம் எதுக்கு?

தானே உடைக்கும் வேகம் போதாது. செல் வளர்ச்சிச் சமிக்ஞையைக் கடத்தும் சிறிய ஜி புரதமான ராஸைத் தனியாக விட்டால் அதன் ட்ரைபாஸ்பேட் உடைய பல பத்து நிமிடங்கள் ஆகும். உடைப்பை முடுக்கும் துணைப் புரதமான ஜிஏபி வந்து சேர்ந்தால் அந்த வேகம் ஏறத்தாழ ஒரு லட்சம் மடங்கு கூடுகிறது. ஜிஏபி தன்னுடைய ஓர் ஆர்ஜினினை ராஸின் செயல்மையத்துக்குள் நீட்டுகிறது. அது பாஸ்பேட்டின் எதிர்மின் சுமையைத் தாங்கிக்கொள்கிறது. ராஸின் 61-ஆம் இடத்து குளூட்டமின், தாக்கவேண்டிய நீர் மூலக்கூறைச் சரியான இடத்தில் நிறுத்துகிறது. 12-ஆம் இடத்தில் இருப்பது கிளைசின். அமினோ அமிலங்களிலேயே சிறியது அது. அங்கே வேறு எது வந்தாலும் பெரும்பாலும் ஜிஏபியின் ஆர்ஜினின் நுழைய இடமில்லாமல் போகிறது. புற்றுநோய்களில் 12, 61 என்ற எண்கள் திரும்பத் திரும்ப வருவதன் காரணம் இதுதான். ஜிஏபியே இல்லாமல் போனாலும் பாதிப்பு வரும்: நியூரோஃபைப்ரோமின் என்பது ராஸுக்கான ஒரு ஜிஏபி, அதன் மரபணு கெட்டால் வருவது நியூரோஃபைப்ரோமடோசிஸ் முதல் வகை.

ஏற்பியோடு சேர்ந்து வேலை செய்யும் பெரிய ஜி புரதங்களுக்கு அந்த ஆர்ஜினின் பிறவியிலேயே உள்ளுக்குள் இருக்கிறது. அதனால் அவை ராஸைவிட வேகமானவை. இருந்தும் கண்ணுக்கு அது போதவில்லை. விழித்திரையின் கம்புச் செல்லில் ஒளிச் சமிக்ஞையைக் கடத்தும் ஜி புரதமான டிரான்ஸ்டியூசின் தனியாக அணைய பல விநாடிகள் ஆகும்; ஆர்ஜிஎஸ்-9 என்ற புரதம் அதை ஒரு விநாடிக்கும் கீழே கொண்டுவருகிறது. ஆர்ஜிஎஸ்-9 பழுதானவர்களுக்கு பிராடியாப்சியா என்ற நிலை வருகிறது. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கோ இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கோ மாறினால் பார்வை பழக விநாடிகள் பிடிக்கும். பறந்து வரும் பந்தைக் கண்ணால் தொடர முடியாது. அவர்களுடைய கண்ணில் ஒளி பதிவது வழக்கம்போலத்தான். பதிந்தது அழியத்தான் தாமதம்.

5. காலராவும் கக்குவானும் ரெண்டுமே சைக்ளிக் ஏஎம்பியைக் கூட்டுதுன்னா, ரெண்டும் ஒரே வேலையா?

முடிவு ஒன்று, வழி வேறு. தேர்விலும் இதில்தான் பலர் தவறுகிறார்கள்.

காலரா நச்சு, என்ஏடி மூலக்கூறிலிருந்து அடினோசின் டைபாஸ்பேட்-ரைபோஸ் குழுவை எடுத்து, ஜிஎஸ் புரதத்தின் 201-ஆம் ஆர்ஜினின் மேல் ஒட்டுகிறது. கேள்வி 4-இல் பிறவியிலேயே இருப்பதாகச் சொன்ன அதே ஆர்ஜினின்தான். அது முடங்கியதும் ட்ரைபாஸ்பேட் உடைவதில்லை. ஜிஎஸ் திறந்தே கிடக்கிறது. குடல் செல்லில் சைக்ளிக் ஏஎம்பி ஏறி, புரதக் கைனேஸ் ஏ வழியாக சிஎஃப்டிஆர் குளோரைடு வாயில் திறக்கிறது. குளோரைடு வெளியேற, சோடியமும் நீரும் பின்தொடர்கின்றன. கடுமையான நோயில் மணிக்கு ஒரு லிட்டர் வரை நீர் போகக்கூடும். நோயைச் செய்வது கிருமி வெளிவிடும் நச்சு என்பதை 1959-இல் கல்கத்தாவில் சம்புநாத் டே, கிருமி நீக்கிய வடிநீரை முயல் குடலில் செலுத்திக் காட்டினார். கக்குவான் நச்சு வேறு புரதத்தைத் தொடுகிறது. ஜிஐ என்ற தடுக்கும் ஜி புரதத்தின் வால்பகுதியிலுள்ள ஒரு சிஸ்டீனில் அதே குழுவை ஒட்டுகிறது. ஜிஐ இப்போது ஏற்பியோடு சேர முடியாமல் டைபாஸ்பேட்டுடனேயே உட்கார்ந்துவிடுகிறது. சைக்ளேஸைப் பிடித்து நிறுத்தும் தடை கிடைக்காமல் போவதால் சைக்ளிக் ஏஎம்பி ஏறுகிறது. காலராவில் முடுக்கும் புரதம் அணைய மறுக்கிறது. கக்குவானில் தடுக்கும் புரதம் தொடங்க மறுக்கிறது.

6. அப்போ காலராவுல அணைக்கவே முடியாத ஒண்ணை உப்பு-சர்க்கரைக் கரைசல் எப்படிச் சரி பண்ணுது?

கரைசல் அந்தப் பாதையைத் தொடுவதே இல்லை. குடல் செல்லில் குளுக்கோசையும் சோடியத்தையும் சேர்த்து உள்ளே இழுக்கும் எஸ்ஜிஎல்டி-1 என்ற கடத்தி, சைக்ளிக் ஏஎம்பி எவ்வளவு ஏறினாலும் வேலை செய்கிறது. அந்த வழியாக நீரை உள்ளே எடுத்து, போகிற நீரை ஈடுகட்டுகிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய கலவை ஒரு லிட்டருக்கு: சோடியம் குளோரைடு 2.6 கிராம், நீரற்ற குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், ட்ரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம். இதில் சோடியமும் குளுக்கோஸும் தலா 75 மில்லிமோல். சர்க்கரையை அள்ளிப் போட்டால் அடர்த்தி கூடி, குடலுக்குள் நீரை இழுத்து பேதியை அதிகமாக்கிவிடும்.

முடங்கிய ஜிஎஸ் மீள்வதில்லை. குடலின் மேல்செல்கள் சில நாட்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதியவை வருகின்றன. அதுவரை உடலில் நீர் இருந்தால் போதும். அதே 201-ஆம் ஆர்ஜினின் கருவிலேயே ஒரு சில செல்களில் மாறிவிட்டால் உதிர்ந்து தப்பிக்க வழியில்லை. எலும்பிலும் தோலிலும் நாளமில்லாச் சுரப்பிகளிலும் அந்தச் செல்கள் பரவியிருக்கும் நிலைதான் மெக்கியூன்-ஆல்பிரைட் நோய்.

7. கைனேஸ் நின்னுட்டா போதாதா? பாஸ்பட்டேஸ் எப்பவும் ஓடிட்டே இருந்தா ஏடிபி வீண்தானே?

அடியில் ஓட்டையுள்ள குடத்தில் குழாயைத் திறந்துவிட்டது போன்ற ஏற்பாடு இது. நீர்மட்டம் எவ்வளவு என்பதைக் குழாயும் ஓட்டையும் சேர்ந்து முடிவு செய்யும். ஆனால் குழாயை மூடியபின் எவ்வளவு சீக்கிரம் வடியும் என்பதை ஓட்டை மட்டுமே முடிவு செய்கிறது. பலரும் கவனிக்காதது, குழாயைத் திறந்தபின் புதிய மட்டத்தை எவ்வளவு சீக்கிரம் எட்டும் என்பதும் ஓட்டையைப் பொறுத்ததுதான் என்பது. பாஸ்பட்டேஸ் வேகமாக ஓடுகிற செல் சீக்கிரம் தொடங்கி, சீக்கிரம் முடிக்கிறது. செலவாகும் ஏடிபி அந்த வேகத்துக்கான விலை.

எப்போதும் ஓடுகிறது என்பதும் முழு உண்மை இல்லை. மனித மரபணுத் தொகுப்பில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட கைனேஸ்கள் இருக்க, செரின், திரியோனினில் வேலை செய்யும் பாஸ்பட்டேஸ் வினையூக்கி அலகுகள் அதைவிட மிகக் குறைவு. அந்தச் சிலவற்றோடு நூற்றுக்கணக்கான துணைப் புரதங்கள் மாறிமாறிச் சேர்ந்து, எங்கே, எதைக் கழற்ற வேண்டும் என்று தீர்மானிக்கின்றன. பாஸ்பட்டேஸ்-1 கிளைகோஜன் துகளில் ஒட்டுவதும் தசை மயோசினில் ஒட்டுவதும் வெவ்வேறு துணையால்.

8. பாஸ்பட்டேஸ்னா புரதத்துக்கு மட்டுமா?

கொழுப்புக்கும் உண்டு. இன்சுலின் பாதையில் பிஐ-3 கைனேஸ், சவ்வுக் கொழுப்பின் 3-ஆம் இடத்தில் பாஸ்பேட் ஏற்றி பிப்-3 ஆக்குகிறது. பிடென் என்ற பாஸ்பட்டேஸ் அதே 3-ஆம் இடத்துப் பாஸ்பேட்டைக் கழற்றுகிறது. ஷிப் என்பது 5-ஆம் இடத்தில் கழற்றும். பிடென் இழப்பு பல புற்றுநோய்களில் காணப்படுகிறது.

9. கால்சியத்தை எந்த நொதி உடைக்கும்?

எதுவும் உடைக்க முடியாது, அது ஒரு தனிமம். அதை வெளியேற்றத்தான் முடியும். ஓய்வில் செல்லுக்குள் கால்சியம் ஏறத்தாழ 100 நானோமோலார்; வெளியே 1 முதல் 2 மில்லிமோலார், அதாவது பத்தாயிரம் மடங்கு அதிகம். எண்டோபிளாச வலைக்குள் ஏற்றும் செர்கா பம்பு ஒரு ஏடிபிக்கு இரண்டு கால்சியத்தை ஏற்றுகிறது. வெளிச்சவ்விலும் ஒரு பம்பும், சோடியத்தை உள்ளே விட்டு கால்சியத்தை வெளியே தள்ளும் ஒரு மாற்றியும் இருக்கின்றன.

இதயத்தில் செர்கா பம்போடு ஃபாஸ்போலாம்பன் என்ற புரதம் ஒட்டிக்கொண்டு அதை மெதுவாக்குகிறது. கேள்வி 1-இல் வந்த புரதக் கைனேஸ் ஏ அதன் மேல் பாஸ்பேட் ஏற்றினால் பிடி தளர்ந்து செர்கா வேகமெடுக்கிறது. அட்ரினலின், இதயம் சுருங்குவதை வலுவாக்குவதோடு தளர்வதையும் விரைவாக்குகிறது. தளர்வு விரைவாகாவிட்டால், நிமிடத்துக்கு 150 முறை துடிக்கும்போது அடுத்த துடிப்புக்குள் இதய அறையில் இரத்தம் நிரம்ப நேரமே இருக்காது.

10. இன்ஹேலரை அடிக்கடி போட்டா மருந்து கேக்காம போயிடும்னு சொல்றாங்க. செல் மட்டத்துல அது உண்மையா?

ஓரளவு உண்மை. இன்ஹேலரிலுள்ள சால்பியூட்டமால் பீட்டா-2 ஏற்பியைத் தூண்டியதும், ஜிஆர்கே என்ற கைனேஸ் தூண்டப்பட்ட ஏற்பியின் வால்பகுதியில் பாஸ்பேட் ஏற்றுகிறது. அங்கே அரெஸ்டின் வந்து ஒட்டி, ஜி புரதம் ஏற்பியைத் தொட முடியாமல் மறைக்கிறது. இது விநாடிகள் முதல் சில நிமிடங்களில் நடக்கும். அரெஸ்டின் சும்மா மறைப்பதோடு நிற்பதில்லை: சைக்ளிக் ஏஎம்பியை உடைக்கும் பாஸ்போடைஎஸ்டரேஸ்-4-ஐயும் அங்கேயே அழைத்து வருகிறது. உற்பத்தியும் குறைகிறது, இருப்பும் காலியாகிறது. பிறகு கிளாத்ரின் குழிவழியாக ஏற்பி உள்ளே இழுக்கப்படுகிறது. உள்ளே பாஸ்பேட் கழன்று மீண்டும் மேலே வர முடியும். தூண்டல் பல மணி நேரம், நாட்கணக்கில் நீடித்தால் ஏற்பிகளே அழிக்கப்பட்டு மொத்த எண்ணிக்கை குறைகிறது. அதிலிருந்து மீளப் புதிய புரதம் உற்பத்தியாக வேண்டும்.

மூச்சுக்குழாய்த் தசையில் தேவைக்கும் அதிகமான ஏற்பிகள் இருப்பதால் இந்தக் குறைவு உடனே தெரியாது. ஸ்டீராய்டு மருந்து அழற்சியைக் குறைப்பதோடு பீட்டா-2 ஏற்பி மரபணுவின் படியெடுப்பையும் கூட்டுகிறது. இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக இன்ஹேலரை நிறுத்தக் கூடாது. நிவாரண இன்ஹேலர் அடிக்கடி தேவைப்படுகிறது என்றால் அழற்சி கட்டுக்குள் இல்லை என்று பொருள். அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். எதிர்த்திசையிலும் இதே விதிதான்: பீட்டா தடுப்பு மருந்தை நீண்ட நாள் எடுத்தவருக்கு ஏற்பிகளின் எண்ணிக்கை கூடியிருக்கும். திடீரென நிறுத்தினால் வழக்கமான அட்ரினலினே படபடப்பையும் நெஞ்சுவலியையும் கொண்டுவரலாம்.

11. ஏற்பி உள்ளே போயிட்டா சமிக்ஞை முடிஞ்சுதுன்னு எழுதலாமா?

அப்படி எழுதினால் மதிப்பெண் குறையும். எபிடெர்மல் வளர்ச்சிக் காரணியான ஈஜிஎஃப்-இன் ஏற்பி, செல்லுக்குள் இழுக்கப்பட்ட சவ்வுக் குமிழான எண்டோசோமுக்குள் வந்த பிறகும் அதன் வால்பகுதி சைட்டோபிளாசத்தைப் பார்த்தபடிதான் இருக்கிறது. ஈஜிஎஃப் ஒட்டியிருக்கும் வரை அது சமிக்ஞை கொடுக்க முடியும். உண்மையான முடிவு அடுத்த படியில் வருகிறது. சிபிஎல் என்ற புரதம் ஏற்பியில் யுபிக்விட்டின் என்ற சிறு புரதத்தை அடையாளமாக ஒட்டுகிறது. எஸ்கார்ட் தொகுதி அந்த அடையாளத்தைப் பிடித்து, எண்டோசோமின் சவ்வை உட்புறமாக மடித்து, ஏற்பியைச் சின்னஞ்சிறு உள்குமிழுக்குள் தள்ளுகிறது. வால் உள்ளே போய்விட்டால் சைட்டோபிளாசத்தோடு தொடர்பு அறுந்தது. அதன்பின் லைசோசோம் அதைச் செரித்துவிடுகிறது.

எந்த மூலக்கூறு வந்து ஒட்டியது என்பதும் முடிவை மாற்றும். ஈஜிஎஃப்-உம் டிஜிஎஃப்-ஆல்பாவும் ஒரே ஏற்பியில்தான் ஒட்டுகின்றன. எண்டோசோமின் அமிலத்தன்மையில் டிஜிஎஃப்-ஆல்பா கழன்றுவிடும், ஏற்பி மேலே திரும்பிவிடும். ஈஜிஎஃப் கழல்வதில்லை, அதனால் ஏற்பி லைசோசோமுக்குப் போகிறது. டிஜிஎஃப்-ஆல்பாவுக்கு வலுவான வளர்ச்சித் தூண்டல் இருப்பதில் இதற்குப் பங்குண்டு. நுரையீரல் புற்றுநோயில் வரும் மெட் ஏற்பியின் 14-ஆம் எக்ஸான் இழப்பும் இதே இடத்துக் கோளாறு: சிபிஎல் ஒட்டவேண்டிய டைரோசின் அந்த எக்ஸானில் இருக்கிறது. அது போனால் ஏற்பி அழியாமல் தங்கிவிடுகிறது.

12. பாதையே தன்னை அணைக்கிற புரதத்தை உண்டாக்குதுன்னா, தொடங்கினதுமே அணைஞ்சுடாதா?

தாமதம்தான் காப்பாற்றுகிறது. என்எஃப்-கப்பாபி என்பது மரபணுக்களை முடுக்கும் புரதம். அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப் வந்ததும், அதைப் பிடித்து வைத்திருந்த ஐ-கப்பாபி-ஆல்பா என்ற தடைப் புரதம் பாஸ்பேட் ஏற்றப்பட்டு, யுபிக்விட்டின் ஒட்டப்பட்டு, சில நிமிடங்களில் புரோட்டியாசோமில் அழிகிறது. விடுபட்ட என்எஃப்-கப்பாபி உட்கருவுக்குள் போய், பிற மரபணுக்களோடு ஐ-கப்பாபி-ஆல்பாவின் மரபணுவையும் முடுக்குகிறது. படியெடுத்து, ஆர்என்ஏ வெளியே வந்து, புரதமாகி, மீண்டும் உட்கருவுக்குள் நுழைந்து என்எஃப்-கப்பாபியை வெளியே இழுத்து வர ஒரு மணி நேரம் போல ஆகிறது. அந்த இடைவெளிதான் சமிக்ஞையின் நீளம். டிஎன்எஃப் தொடர்ந்து இருந்தால் புதிய தடைப் புரதமும் அழிந்து, மீண்டும் உண்டாகி, என்எஃப்-கப்பாபி ஏறத்தாழ 100 நிமிடத்துக்கு ஒருமுறை உள்ளே வெளியே என்று ஊசலாடுகிறது.

இன்டர்ஃபெரான் போன்றவை பயன்படுத்தும் ஜாக்-ஸ்டாட் பாதையில் இந்த வேலையைச் செய்பவை சாக்ஸ் புரதங்கள். சாக்ஸ்-1 இல்லாத எலிக்குட்டிகள் பிறக்கும்போது நன்றாக இருந்தும் மூன்று வாரத்துக்குள் இறந்துவிடுகின்றன. இன்டர்ஃபெரான்-காமா மரபணுவையும் சேர்த்து நீக்கினால் பிழைத்துக்கொள்கின்றன. அவற்றைக் கொன்றது கிருமி இல்லை, அடங்காத இன்டர்ஃபெரான் சமிக்ஞைதான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

13. தட்டுல ஈஜிஎஃப் அப்படியேதான் இருக்கு. ஆனா பாஸ்போ-ஈஆர்கே 5 நிமிஷத்துல உச்சம் போய் அரை மணியில இறங்கிடுது. ஆன்டிபாடி கெட்டுப்போச்சா?

ஈஜிஎஃப் ஏற்பியிலிருந்து சாஸ், ராஸ், ராஃப், மெக் வழியாக வரும் தொடரின் கடைசிக் கைனேஸ் ஈஆர்கே; பாஸ்போ-ஈஆர்கே என்பது அதன் பாஸ்பேட் ஏறிய, இயங்கும் வடிவம். ஆன்டிபாடி நன்றாகத்தான் இருக்கிறது. பல செல் வகைகளில் இதுதான் இயல்பு. காரணம் ஒன்றுக்கு மேல்: ஏற்பி அழிகிறது (கேள்வி 11), ஈஆர்கே தனக்கு மேலேயுள்ள சாஸ், ராஃப் போன்றவற்றில் பாஸ்பேட் ஏற்றி அவற்றை மந்தமாக்குகிறது, டஸ்ப் என்ற பாஸ்பட்டேஸ்கள் புதிதாக உண்டாகின்றன. பிசி-12 செல்களில் ஈஜிஎஃப் குறுகிய ஈஆர்கே அலையைக் கொடுத்துப் பெருக வைக்கிறது. நரம்பு வளர்ச்சிக் காரணி அதே ஈஆர்கேயை மணிக்கணக்கில் நீட்டி, நரம்புச் செல்போல் கிளைவிட வைக்கிறது. எவ்வளவு நேரம் நீடித்தது என்பதையும் செல் ஒரு செய்தியாக எடுத்துக்கொள்கிறது.

எது காரணம் என்று பிரித்துப் பார்க்க இரண்டு சோதனைகள் போதும். ஈஜிஎஃப் சேர்ப்பதற்கு அரை மணி முன், புரத உற்பத்தியை நிறுத்தும் சைக்ளோஹெக்ஸிமைடு (மில்லிலிட்டருக்கு 10 முதல் 50 மைக்ரோகிராம்) கொடுங்கள். இறக்கம் தாமதமானால் புதிய புரதம் அதில் பங்கெடுக்கிறது. மாறாமல் இறங்கினால் ஏற்கெனவே இருந்த ஏற்பாடே போதுமானதாக இருக்கிறது. அடுத்து, உச்சத்தில் மெக் தடுப்பான் (யு-0126 என்றால் 10 மைக்ரோமோலார்) சேர்த்து 1, 2, 5, 10 நிமிடங்களில் மாதிரி எடுங்கள். இப்போது புதிதாக ஏற்றுவதற்கு ஆள் இல்லை. இறங்கும் வேகம் முழுக்கப் பாஸ்பட்டேஸின் வேகம். கேள்வி 7-இன் ஓட்டையை நேராக அளப்பது இப்படித்தான். முதல் 10 நிமிடத்தில் நெருக்கமாக மாதிரி எடுக்காதவர்களுக்கு உச்சமே கண்ணில் படாது.

14. பாஸ்போ பட்டை ஒரு நாள் வருது, ஒரு நாள் வரமாட்டேங்குது. எங்கே தப்பு?

வெஸ்டர்ன் பிளாட்டில் பாஸ்பேட் ஏறிய புரதத்தின் பட்டை இப்படித் தடுமாறினால், முதலில் சந்தேகப்பட வேண்டியது செல் உடைக்கும் கரைசல். செல் உடைந்ததும் கைனேஸுக்கு வேண்டிய ஏடிபி நீர்த்துவிடும். பாஸ்பட்டேஸுக்கு ஏடிபி தேவையில்லை, அது தொடர்ந்து கழற்றும். ஐஸில் வைத்து வேலை செய்வதும் தடுப்பான்களை அன்றன்றைக்குச் சேர்ப்பதும் கட்டாயம்: சோடியம் ஃப்ளோரைடு 10 முதல் 50 மில்லிமோலார், பீட்டா-கிளிசரோபாஸ்பேட், சோடியம் ஆர்த்தோவனடேட் 1 மில்லிமோலார்.

வனடேட்டில்தான் பெரும்பாலோர் வழுக்குகிறார்கள். 200 மில்லிமோலார் கரைசலை பிஎச் 10-க்குக் கொண்டுவந்தால் மஞ்சளாக இருக்கும். அது ஒன்றோடொன்று கோத்துக்கொண்ட வனடேட், தடுப்பானாகச் சரியாக வேலை செய்யாது. நிறம் போகும் வரை கொதிக்கவைத்து, ஆறியதும் பிஎச்-ஐ மறுபடி 10 ஆக்கி, நிறமற்றே நிலைக்கும் வரை திரும்பச் செய்து, சிறு பங்குகளாக உறையவையுங்கள். உடைப்புக் கரைசலில் இடிடிஏ-யோ டிடிடி-யோ அதிகம் இருந்தால் அவை வனடேட்டை முடக்கிவிடும். வனடேட் டைரோசின் பாஸ்பட்டேஸ்களுக்கு, ஃப்ளோரைடு செரின், திரியோனின் பாஸ்பட்டேஸ்களுக்கு. ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று நினைக்காதீர்கள்.

மற்றவை சுருக்கமாக: ஈஜிஎஃப் கொடுக்கும் முன் 12 முதல் 18 மணி நேரம் சீரம் இல்லாமல் வையுங்கள், இல்லாவிட்டால் பூஜ்ய நேர மாதிரியிலேயே பட்டை தெரியும். பிளாட் சவ்வை மறைக்கப் பாலுக்குப் பதில் 5 சதவீத பிஎஸ்ஏ (மாட்டுச் சீரம் அல்புமின்). பாலின் கேசீனே பாஸ்பேட் ஏறிய புரதம். மொத்த ஈஆர்கேயையும் தவறாமல் பாருங்கள்.

15. காபி சைக்ளிக் ஏஎம்பி உடையறதைத் தடுத்துத்தான் சுறுசுறுப்பு குடுக்குதுன்னு பழைய நோட்ஸ்ல இருக்கே?

சோதனைக் குழாயில் கஃபீன் பாஸ்போடைஎஸ்டரேஸைத் தடுக்கும், அதற்கு நூற்றுக்கணக்கான மைக்ரோமோலார் வேண்டும். காபி குடித்தவரின் இரத்தத்தில் இருப்பது சில மைக்ரோமோலார் முதல் சில பத்து வரைதான். அந்த அளவில் கஃபீன் செய்வது அடினோசின் ஏற்பியை மறிப்பது. களைப்பைச் சொல்லும் அடினோசின் தன் ஏற்பியை எட்டாததால் விழிப்பு நீடிக்கிறது.

ஆய்வகத்தில் சைக்ளிக் ஏஎம்பி அளக்க கஃபீனின் உறவான ஐபிஎம்எக்ஸ் 500 மைக்ரோமோலார் வரை சேர்ப்பார்கள். அது பாஸ்போடைஎஸ்டரேஸ் 8, 9 குடும்பங்களைச் சரியாகத் தடுக்காது. ஐபிஎம்எக்ஸ் போட்டு அளந்த எண், உற்பத்தி வேகத்தைக் காட்டும். செல்லுக்குள் இயல்பாக நிலவும் அளவாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

16. சோடோராசிப்ங்கற புற்றுநோய் மருந்து அணைஞ்ச ராஸைத்தான் பிடிக்குமாம். மாட்டிக்கிட்ட ராஸ் அணையவே அணையாதே, அப்புறம் எப்படி வேலை செய்யுது?

நல்ல கேள்வி, பல ஆண்டுகள் ஆய்வாளர்களையும் தயங்கவைத்தது. 12-ஆம் கிளைசின் சிஸ்டீனாக மாறிய கே-ராஸ், ஜிஏபிக்கு மசிவதில்லை. ஆனால் கேள்வி 4-இல் சொன்ன அந்த மந்தமான சொந்த உடைப்பு அதில் ஏறக்குறைய கெடாமல் இருக்கிறது. அதனால் ஒவ்வொரு மூலக்கூறும் எப்போதாவது டைபாஸ்பேட் நிலைக்கு வந்தே தீரும். அந்த நிலையில் திறக்கும் ஒரு பள்ளத்தில் மருந்து நுழைந்து, அந்தச் சிஸ்டீனோடு நிரந்தரமாகப் பிணைகிறது. பிறகு ராஸ் மறுபடி ட்ரைபாஸ்பேட்டைப் பிடிக்க முடியாது. ஒவ்வொன்றாக வர வர ஒவ்வொன்றாகச் சிக்குகிறது. அமெரிக்காவில் 2021-இல் நுரையீரல் புற்றுநோய்க்கு இதற்கு ஒப்புதல் கிடைத்தது. 61-ஆம் இடம் மாறிய ராஸில் சொந்த உடைப்பும் மிகக் குறைவு, பிணைய சிஸ்டீனும் இல்லை. இந்த மருந்து அங்கே உதவாது.

17. பாதையை மருந்தால அடைச்சா நல்லதுதானே நடக்கணும்? சில புற்றுநோயில ஏன் பலிக்கிறதில்லை?

பாதையை அடைக்கும்போது அந்தப் பாதை நடத்திவந்த அணைப்பும் சேர்ந்து நின்றுவிடுவதால். பி-ராஃப் புரதத்தின் 600-ஆம் வேலின் குளூட்டமிக் அமிலமாக மாறிய மெலனோமா என்ற தோல் புற்றுநோயில், பி-ராஃப் தடுப்பானான வெமுராஃபெனிப் ஏறக்குறைய பாதி நோயாளிகளில் கட்டியைச் சுருக்கியது. அதே மாற்றமுள்ள பெருங்குடல் புற்றுநோயில் பலன் பெற்றவர்கள் மிகச் சிலர். கேள்வி 13-இல் பார்த்தபடி ஈஆர்கே தனக்கு மேலுள்ளவற்றை அடக்கி வைக்கிறது. அதில் ஈஜிஎஃப் ஏற்பியும் அடங்கும். மருந்தால் ஈஆர்கே விழுந்ததும் அந்த அடக்கம் நீங்கி, ஏற்பி விழித்து, ராஸ் வழியாகவும் பிஐ-3 கைனேஸ் வழியாகவும் செல்லை மீண்டும் ஓட்டுகிறது. மெலனோமா செல்களில் ஈஜிஎஃப் ஏற்பி பொதுவாகக் குறைவு என்பதால் அங்கே இந்தத் திருப்பம் நேர்வதில்லை. பெருங்குடல் செல்களில் அது ஏராளம்.

இதைத் தெரிந்துகொண்ட பின் சிகிச்சையும் மாறியது. பி-ராஃப் தடுப்பானான என்கோராஃபெனிபோடு ஈஜிஎஃப் ஏற்பியை மறிக்கும் செடுக்ஸிமாபைச் சேர்த்துக் கொடுக்கும் முறைக்கு 2020-இல் அமெரிக்காவில் ஒப்புதல் வந்தது. எந்தத் தடுப்பானையும் செல்லில் சோதிக்கும்போது இலக்குப் புரதம் ஒரு மணி நேரத்தில் அணைந்ததா என்று மட்டும் பார்த்து நிறுத்திவிடாமல், 24, 48 மணி நேரத்தில் மேலேயுள்ள ஏற்பிகளின் பாஸ்பேட் ஏறுகிறதா என்றும் பாருங்கள்.